ஒரு வருஷம்கூட நிற்காத பெயர்

வளைகுடாவில், ருவைஸில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், என் வயிற்றைப் பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். முதல் குழந்தையா? ஆமாம் என்பேன். இல்லையென்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு யாருக்குத் தெம்பு இருந்தது?

மூத்தவள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. இன்குபேட்டரில் வைத்தே, என்னோடு டியூட்டி பார்க்கும் மலையாளச் சேச்சி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அவள் நெற்றியில் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். ஊரில், எங்கள் கடற்கரைப் பக்கம் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். அதனால் மாமியார் பெயரைச் சொன்னேன். பிறகு நான் அழவில்லை. லீவு முடிந்து டியூட்டிக்கு வந்தேன், ஊசி போட்டேன், சாப்பிட்டேன். மனசு மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவதும் பெண் என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, ரிஃபைனரி பிளான்டில் வேலை முடிந்து வந்த கணவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அம்மைக்க பேரையே போடுவோம் பிள்ளே. அது சும்மாத்தானே கெடக்கு."

சும்மா கிடக்கிறதாம்! ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதற்கும் கை எழவில்லை. "ம்" என்றேன்.

அந்த வாரம் ஒரு ஜப்பான்காரி டிரெஸ்ஸிங்குக்கு வந்தாள். பிளான்ட் இன்ஜினியர் ஒருவரின் மனைவி. எண்ணெய் தெறித்துக் கை வெந்திருந்தது. கலியாணத்துக்கு முன் ஊரில் சரித்திர டீச்சராம். அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். ஏனோ அவளிடம் உண்மை வந்துவிட்டது. பெயர் விஷயத்தையும் சொன்னேன். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு சரித்திரக் கதை சொன்னாள். அவர்கள் நாட்டில் சில வருஷங்களைச் சேர்த்து ஒரு காலமாக்கிப் பெயர் வைப்பார்களாம். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலத்துக்கு யோவா என்று வைத்தார்கள். சமாதானத்தை ஊட்டி வளர்ப்பது என்பது போல அர்த்தம். அந்த யோவாவில்தான் பஞ்சம் வந்தது. தலைநகரத் தெருவெல்லாம் பிணம். ஒரு வருஷம் முடிவதற்குள், ராசியில்லை என்று அரசவை பெயரை மாற்றிவிட்டது.

"மாற்றியதும் பசி போயிற்றா?"

"உடனே எங்கே போகும்!" என்றாள்.

"பிறகு நல்ல காலம் வந்திருக்குமே, அந்தப் பெயரைத் திரும்ப வைத்தார்களா?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "வைக்கவே மாட்டோம். அது அந்தக் காலத்துக்கு உரியது. சின்னதாக இருந்தாலும் வரிசையில் அதற்கு இடம் உண்டு."

அன்று டியூட்டி முடிந்து வந்து நானே மாமியாருக்குப் போன் போட்டேன்.

"மாமி, உங்க பேரு மூத்தவளுக்குள்ளது. இவளுக்கு வேற போடணும்."

சோற்றில் கை வைத்தபடி கணவர் என்னை முறைத்தார். திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இந்தப் பேரு எனக்குள்ளதே இல்ல மக்ளே," என்றார் மாமியார். "எனக்கு முன்னே பொறந்து செத்தவளுக்க பேரு. என்னைக் கூப்பிடும்போ எங்கம்மைக்கு கண்ணு நெறஞ்சுரும். என்னையா கூப்பிடுதா, அவளையா கூப்பிடுதான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டாம். சின்னவளுக்கு அவளுக்குன்னு ஒரு பேரு இருக்கட்டு."

சின்னவள் என்றார். அப்படியென்றால் மூத்தவள் ஒருத்தி உண்டு. போனைக் கணவர் பக்கம் தள்ளிவிட்டு, அவளுக்காக முதல் தடவையாக ஓவென்று அழுதேன்.