பூட்டிய கூண்டும் நீலச் சட்டைக்காரர்களும்

அடுகோடிப் பகுதியில் ஒரு மரப்பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. நர்சிங் ஹோம்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தோம். நோயாளிகளின் விவரமெல்லாம் எங்கள் சர்வரில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பக்கத்துக் கட்டிடத்தில் பூட்டை உடைத்து சர்வரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்களுடையது வெறும் பிளைவுட் கதவுக்குப் பின்னால் இருந்தது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"அவ்ளோ கனமான பெட்டிய யாரும்மா தூக்கிட்டுப் போகப்போறா?" என்றார்.

மூன்றாம் முறை கேட்டபோது சலித்துப்போய்ச் சம்மதித்தார். வெல்டரை வரவழைத்து இரும்புக் கூண்டு செய்து, தரையில் போல்ட் போட்டு முடுக்கினோம். சாவி என் கைப்பையில். பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போதுகூட அது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி நீலச் சட்டை.

"சர்வர சர்வீசுக்கு எடுக்க வந்திருக்காங்க. சாவி உன்கிட்ட இருக்கேன்னு உட்கார வெச்சேன்" என்றார் ரிசப்ஷன் அக்கா.

அவர்கள் நீட்டிய கடிதம் எங்கள் லெட்டர்ஹெட்டில் இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து. என் கை பைக்குள் போய்விட்டது. அப்புறம் ஏனோ மனசு கேட்கவில்லை.

"சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மேடம். நாங்க வண்டிய கொண்டாறோம்" என்று எழுந்து போனார்கள்.

"நான் யாருக்கும் லெட்டர் கொடுக்கலையே" என்றார் முதலாளி. படியிறங்கி ஓடினேன். தெருவில் அவர்கள் இல்லை.

லெட்டர்ஹெட் ஆபீசுக்குள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும். அன்று லீவு போட்டிருந்த புரோகிராமர் மேல் எனக்குச் சந்தேகம். அதை முதலாளியிடம் சொல்லியும்விட்டேன். மறுநாள் அந்த புரோகிராமர் என் மேஜைக்கு வந்தார்.

"நேத்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி சீட்டக் காட்டட்டுமா?"

குரலை உயர்த்தவே இல்லை. வேண்டாமென்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தோம், யாரும் சிக்கவில்லை. சர்வர் பத்திரமாக இருந்தது. ஆனால் தினமும் உள்ளே நுழைந்ததும் கூட வேலை செய்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். தாங்க முடியாமல் ஆறு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

கடைசி நாள் அந்த புரோகிராமரிடம் போய், "தப்பு என் மேலதான்" என்றேன்.

"பரவால்ல மேடம்" என்றார். பிறகு, "லெட்டர்ஹெட்ட எடுத்துக் கொடுத்தது யாருன்னு நானும் தினம் பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றார்.