முப்பத்தொரு கையெழுத்துகள்

காலைப் பால் வண்டி போனதும் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிவரை பால் நிலையத்து அறை சும்மா கிடக்கும். புளித்த வாடையைப் பொறுத்துக்கொண்டு டீச்சரக்கா அங்கேதான் ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். உண்மையில் அவர் தையல்காரி. ஊரில் பத்தாவது முடித்த ஒரே பெண் என்பதால் எழுத்தறிவுத் திட்டம் அவர் தலையில் வந்து விழுந்தது.

"மாமியாருக்கு மூட்டு வலிக்கா", "மாடு கன்னு போட்டிருக்குக்கா", "வீட்டுக்காரர் இன்னைக்கு வீட்ல இருக்காருக்கா" என்று நாளுக்கொரு காரணம் வரும். வீட்டுக்காரர் வீட்டில் இருப்பதையும் ஒரு நோய் மாதிரிதான் சொல்வார்கள். 'ஆ' வரை வந்து ஆறு நாள் காணாமல் போனவள், ஏழாம் நாள் 'அ'வையும் தொலைத்துவிட்டு வந்து நிற்பாள். டீச்சரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

மாதம் ஒருமுறை திட்ட மேற்பார்வையாளர் வருவார்.

"எத்தனை பேர் கையெழுத்து போடறாங்க?"

"நாலு பேரு எழுத்துக்கூட்டி வாசிக்கறாங்க சார்."

"வாசிக்கறதுக்கு என் ஃபாரத்துல கட்டமே இல்லம்மா. கையெழுத்து எத்தனைன்னு சொல்லுங்க."

அலுத்துப்போன டீச்சரக்கா வாசிப்பை ஓரங்கட்டினார். கோலம் போடுவதுபோல அவரவர் பெயரை வரையப் பழக்கினார். இரண்டே மாதத்தில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேற்பார்வையாளர் மாலையோடு வந்து, பேருந்து நிறுத்தத்தில் 'கைநாட்டு இல்லாத ஊர்' என்று பலகை நட்டுவிட்டுப் போனார்.

அந்த முப்பத்தொன்றில், ஊரார் 'ரயில்' என்று கூப்பிடும் பெண்ணின் கையெழுத்துதான் அழகு. வாயைத் திறந்தால் எந்த நிலையத்திலும் நிற்க மாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். புருஷன் செத்தபின் அவன் பங்கு நிலத்தில் தானே உழைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பலகை நட்ட நாலாம் மாதம் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், வெட்டிப் போட்ட துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கத் தொடங்கினாள். டீச்சரக்கா மிஷினை நிறுத்தினார்.

"என்னடி ஆச்சு?"

"நிலம் போச்சுக்கா. பம்புசெட்டுக்கு கரண்ட் வாங்கணும்னு கொழுந்தன் கூட்டிட்டுப் போனாரு. கையெழுத்து போட்டேன். பங்கை அவருக்கே எழுதிக் கொடுத்துட்டேனாம். இப்ப வரப்புல கால வைக்காதேங்கறாரு."

மறுநாளே இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள்.

"இவளுக்கு வாசிக்கத் தெரியாது சார்" என்றார் டீச்சரக்கா.

எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கைநாட்டுன்னா நாங்களே முழுசா வாசிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் பதிவு பண்ணுவோம். இவங்க ஜம்முனு கையெழுத்துல்ல போட்டாங்க! உங்க ஊர்ல போர்டு வேற வச்சிருக்கீங்க."

டீச்சரக்காவுக்கு முகம் எரிந்தது. பெருவிரலை மட்டும் நம்பியிருந்தால் தப்பித்திருப்பாள். தான் பழக்கிவிட்ட கையெழுத்துதான் அவளைக் கவிழ்த்திருக்கிறது.

பத்திரத்தை ரத்து செய்ய வழக்குத்தான் போடவேண்டும். ஆனால் நிலப் பதிவேட்டில் பெயர் இன்னும் மாறவில்லை. பத்திரம் பதிவான முப்பது நாளுக்குள் மறுப்பு மனு கொடுத்தால் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். அதில் பதினாறு நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. டீச்சரக்கா அன்றே மனு எழுதினார். மொத்தம் பன்னிரண்டு வரி. ரயில் பேனாவை வாங்கக் கை நீட்டினாள்.

"முதல்ல வாசி."

"நீ எழுதினா சரியாத்தான்க்கா இருக்கும்."

"அவனும் அப்படித்தானடி நீட்டினான்? வாசிக்காம நீ போட்டா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பன்னிரண்டு வரிக்கு ஒன்பது பிற்பகல்கள் ஆயின. 'மறுப்பு' என்ற சொல்லை ரயில் தினமும் 'மருந்து' என்றாள். ஐந்தாம் நாள் சிலேட்டை வீசிவிட்டு எழுந்தாள். "நிலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆளை விடுக்கா!"

"விட மாட்டேன். உக்காரு!"

இரண்டு பேரும் கத்திய கத்தலில் பால் ஊற்றுபவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்தாறாம் நாள் மனுவோடு போனார்கள். "கையெழுத்து போடுங்க" என்றார் அதே எழுத்தர். ரயில் காகிதத்தை மேசையில் வைத்து, விரலை முதல் எழுத்தின்மேல் ஊன்றி, உரக்க வாசிக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து வாசித்து முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள்.

பெயர் மாற்றம் நின்றது. வழக்கு மூன்றாவது வருடமாக நடக்கிறது, வாய்தாமேல் வாய்தா. அதுவரை நிலத்தை ரயில்தான் உழுகிறாள். கொழுந்தன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முப்பத்தொரு பேரில் வாசிக்கத் தெரிந்தவர் ஐந்து பேர்தான் என்று டீச்சரக்கா மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை, சாக்பீஸ் வருவதும் நின்றது. மேற்பார்வையாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது ஏழு பேர் வருகிறார்கள். யாராவது, "எப்பக்கா கையெழுத்து சொல்லித் தருவே?" என்று கேட்டால் டீச்சரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். பக்கத்தைத் திருப்பு!"