‘குட்’ என்ற சொல்லுக்கு நாற்பத்தொரு அட்டைகள்

எங்கள் தொழிற்சாலையின் ஊழியர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவரை எல்லோரும் அட்டைக்காரர் என்றே அழைத்தோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய அவர், ஆங்கிலத்தை அலுவலகக் கோப்புகளிலிருந்தே கற்றார். ‘குட்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நாற்பத்தொரு அட்டைகள் வைத்திருந்தார். ‘குட் அட்’ என்றால் ஒரு வேலையில் தேர்ந்தவர். ‘குட் ஃபார்’ என்றால் உடம்புக்கு நன்மை தருவது. ‘குட் வித்’ என்றால் குழந்தைகளோடோ கருவிகளோடோ பழகத் தெரிந்தவர். எது எதனோடு சேரும் என்பதை ஊகிக்கக் கூடாது என்பது அவர் விதி. ஒவ்வோர் அட்டையிலும் யாரோ உண்மையில் எழுதிய வாக்கியமும், கீழே கோப்பு எண்ணும் இருக்கும்.

“என்ன அண்ணே, இன்னைக்கு எத்தனை குட்டு?” என்று சீண்டுவார்கள்.

“நீங்க சின்ன வயசுலயே ரெண்டு வாங்கியிருந்தா, நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காதுப்பா.”

நான் பண்டகசாலை எழுத்தர். எனக்கு இருமுறை பதவி உயர்வு மறுக்கப்பட்டது. ‘பணிமூப்பு போதாது’ என்ற அந்த இரு கடிதங்களும் என்னிடம் உள்ளன. எனக்குப் பின் சேர்ந்தவர்களோ மேலே போய்விட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பொருத்தமான தொடர் ஒன்றைத் தேடி, அட்டைக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது அவர் அட்டைகளை வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். ‘குட் வித்’ அட்டையில் ஓர் அதிகாரியின் வாக்கியம் இருந்தது: பதிவேடுகளில் தேர்ந்தவர், மனிதர்களோடு பழகத் தெரியாதவர், உயர்வுக்குப் பரிந்துரைக்கவில்லை. கீழே, இரகசிய மதிப்பீட்டுக் கோப்பு என்ற குறிப்போடு என் பணியாளர் எண். அட்டைக்காரருக்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு; அவ்வளவுதான்.

கடிதங்களில் சொன்ன காரணம் பொய் என்று காட்ட, அதை நகலெடுத்து மேல்முறையீட்டோடு இணைத்தேன். வென்றேன். உடனே, இரகசியக் கோப்பை வெளியே காட்டியதாக அட்டைக்காரர்மீது விசாரணை வந்தது.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“அட்டைக்காரர்கிட்ட இருந்து, சார்.”

பெட்டியைத் திறந்தது நான் என்று சொல்லவில்லை. “எழுதினது நான்தான், காட்டினது நான் இல்ல” என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஓய்வுக்குப் பதினொரு மாதங்களே இருந்தன. குற்றம் உறுதியானால் வேலையும் ஓய்வூதியமும் போய்விடும். மூன்று வாரங்கள் நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசி விசாரணைக்கு முந்தைய மாலை, உண்மையை எழுதி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பதினாறு ஆண்டுகள் என்னைத் தம்பி என்றவர், “உட்காருங்க சார்” என்றார். இருமுறை படித்தார்.

“கேட்டிருக்கலாமே?”

“கேட்டா காட்டியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்றார். “இவரு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல. நான் பேசப் போறேன். கேட்டுட்டுப் போங்க.”

அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

மறுநாள் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். என் பதவி உயர்வு இரத்தாயிற்று, அது நியாயம். அவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது, ஓய்வூதியம் தப்பியது. ஆனால் இரகசியம் கசியுமென்று பெட்டி முழுவதையும் அழிக்க நிர்வாகம் உத்தரவிட்டது. காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் ஒவ்வோர் அட்டையாக அவரையே போடச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டே போட்டார். அதற்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.