மடையில் நின்ற மண்வெட்டி

வெயிலில் காய்ந்த ரப்பர் குழாயில் முதல் தண்ணீர் வரும்போது ஒரு நாற்றம் அடிக்கும், கவனித்திருக்கிறீர்களா? நேற்று ஆலங்காயத்தில் எங்கள் தெருமுனையில் லாரித் தண்ணீருக்காக நின்றபோது அது மூக்கில் ஏறியதும் எனக்கு வயிறு எரிந்தது. லாரியைக் கொண்டுவந்தவன் என் மூத்தாரின் மகன். "சித்தி, கொடத்த நவுத்துங்க, பின்னால ஆளு நிக்குது" என்றான். அப்படியே அவன் அம்மாவின் குரல். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

அவன் அம்மா என் ஓரகத்தி. ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. முறையைக் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. என் பயிர் தாங்குமென்றால் என் நாளை நீ எடுத்துக்கொள், என் பயிர் கேட்கும்போது உன் நாளைக் கொடு, அவ்வளவுதான். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. வாங்கியவர் தன் மண்வெட்டியைக் கொடுத்தவரின் மடையில் ஊன்றிவிட்டுப் போக வேண்டும். வாங்கிய தண்ணீரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அது வீடு திரும்பும். நல்ல ஏற்பாடுதான், மனிதர்கள் நல்லவர்களாக இருந்தால்.

மழை பொய்த்த அந்த வருஷம் அவள்தான் முதலில் வந்து நின்றாள். "கத்திரி நாத்து வாடுது. ரெண்டு முறை குடுடி, ஒன் மல்லாட்டைக்குக் கேக்கசொல்ல வுட்டுடறேன்." கொடுத்தேன். என் நிலக்கடலை அப்போதைக்குத் தாங்கும். அவள் மண்வெட்டி எங்கள் மடையில் நின்றது. யாருக்கும் வணங்காதவளின் மண்வெட்டி. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் வாசலில் ஊரார் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைக்கிற ஆள். ஒரு தூறல் நாளில், மண்வெட்டி துருப்பிடிக்கிறதே என்று பிடுங்கி, கழுவி, அண்ணன் வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்து என்னிடம் டீ கேட்டார். அன்று அவருக்குக் கிடைத்தது டீ இல்லை.

மல்லாட்டை பூ விட்டு, விழுது மண்ணில் இறங்குகிற சமயம். மண் இளகினால்தான் காய். அந்த விளைச்சலை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு. போய்க் கேட்டேன். அவள் புளி தட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"இன்னா தண்ணி? மம்முட்டி வூட்டுக்கு வந்துடுச்சி, கணக்கு தீந்துடுச்சி."

"அவரு தெரியாம எடுத்தாந்துட்டாருக்கா."

"அதுக்கு நானா பொறுப்பு? ஒன் வூட்டுக்காரனப் போய்க் கேளு."

அது என் தண்ணீர் என்று தெருவே கூடும்படி கத்தினேன். மூத்தார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடியவர்களும் கலைந்து போனார்கள். மண்வெட்டி வீடு திரும்பினால் தீர்ந்தது தீர்ந்ததுதான். எனக்கு வரவேண்டிய இரண்டு முறையைக் கீழ்க்காட்டுக்காரருக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர் டிராக்டரில் தன் மேட்டுக்காட்டை உழுதுகொண்டாள். செடியைப் பிடுங்கினால் எனக்கு எல்லாம் பொக்கு. வரப்பில் உட்கார்ந்து, அவள் குடும்பம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

விளங்கியதே. கம்மலை விற்று நாங்கள் போர் போட்டோம். அவர்கள் அதைவிட ஆழமாகப் போட்டார்கள். முதலில் கிணறு வற்றியது, பிறகு எங்கள் போர். நாங்கள் பிழைக்க ஆலங்காயம் வந்தோம். அவள் செத்தபோது நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த ஆழப் போரின் தண்ணீரைத்தான் மகன் லாரியில் விற்கிறான்.

நேற்று என் குடம் நிறைவதற்குள் குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றினான்.

"அரக்கொடம் பாக்கிடா" என்றேன்.

"பாக்கியெல்லாம் கெடையாது சித்தி. வேணும்னா போன்ல துட்டு போடுங்க, நாளைக்கு எடுத்தாறேன்."

கிணற்றில் இப்போது முள் மண்டிக் கிடக்கிறது, மடை இருந்த இடமே தெரியவில்லை. அவன் அம்மாவிடம் கத்தியதைப் போல இவனிடமும் கத்த வாயைத் திறந்தேன். என் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. அரைக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.