நான்கு நாள் மறைத்த பிழை

முனைவர் பட்டம் முடித்த கையோடு அபுதாபியில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்தது. கணவர், மகள் இருவரின் விசாவும் அதை நம்பித்தான். ஏழாவது மாதம், கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றி நானும் என் பேராசிரியரும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையில், உப்பின் அளவை நான் தவறாகக் கணக்கிட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, நான்கு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில், என்னைப் போல் புதிதாக வரும் ஆராய்ச்சியாளர்களை ஏதாவதொரு கல்லூரியில் உறுப்பினராகச் சேர்த்துவிடுவார்கள். பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, பல துறைக்காரர்களும் கூடிப் பழகுவதற்கான இடம். வாரம் ஒருநாள் அங்கே எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. நான்காவது நாள் அந்தச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், வரலாற்றுத் துறைக்குப் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஏன், நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இப்பவே உங்கட பேராசிரியரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. நானும் வாறன், கதவுக்கு வெளியில நிக்கிறன்."

சொன்னபடியே வந்து நின்றாள்.

பேராசிரியர் கணக்கை நிதானமாகப் பார்த்தார். "இன்னும் அச்சாகவில்லையே, இன்றே திருத்தி அனுப்பிவிடலாம். இதற்கா நான்கு நாள் தவித்தாய்?" என்றார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குப் பசிக்கவே ஆரம்பித்துவிட்டது.

என் வேலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னை எடைபோடும் இடத்திலும் அவள் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அதுவரை சாப்பாட்டுக்காக மட்டுமே அந்தக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.