வண்டி நின்றதற்குச் சேனாபதி சொன்ன காரணம்

ஃப்ரீமான்ட்டில் பனி பெய்யாது. அந்த ஊரில் ஒருத்தன் பனிமேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வாங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தீபக் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தியபோது தெருவே சிரித்தது. "மழையே பேயாத ஊர்ல ஓடம் வாங்குனாப்ல இருக்குதுடா" என்று அவன் அப்பா சேனாபதியும் சிரித்தார். தீபக் அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. குளிர்காலம் வந்தால் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான்.

சேனாபதி கோபிசெட்டிபாளையத்துக்காரர். கடல் தாண்டி வந்து கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை. செத்துப்போன சிப்பைப் பிரித்து, அது ஏன் செத்தது என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். வீட்டிலும் அதே புத்திதான். மிக்ஸி நின்றால் புதுசு வாங்க விடமாட்டார், ஏன் நின்றது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒருமுறை மேனேஜர் ஒப்புக்கு ஒரு காரணம் எழுதச் சொன்னபோது முடியாது என்று சண்டை போட்டு, கைக்கு வந்த புரமோஷனைக் கெடுத்துக்கொண்டார். "காரணத்துல பொய் எழுதுனா அடுத்ததும் சாகும்" என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷன், ஆனால் நேர்மையான மனுஷன்.

போன ஆயுத பூஜைக்கு அவர் மனைவி சாந்தாமணி வீட்டிலிருந்த கார்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஸ்னோமொபைலுக்கும் வைத்து, முருகன் கோயில் திருநீற்றை மஞ்சள் துணியில் முடிந்து ஹேண்டிலில் கட்டினாள். தீபக் அதை அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்தான். "மா, ப்ளீஸ். இட்ஸ் எ ஸ்னோமொபைல்!" அவள் முகம் வாடியதைப் பார்த்து கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தான்.

ஜனவரியில் தனியாகப் போனான். மலையில் வண்டி நின்றுவிட்டது. புயல் வருவதற்குள் ரோட்டுக்கு வந்துவிடலாம் என்று நடந்திருக்கிறான். மறுநாள் ஒரு மரத்தடியில் கிடந்தவனைக் கண்டெடுத்தார்கள். பனி உருகியதும் வண்டி வீடு வந்து சேர்ந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். சாந்தாமணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காபி கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"வண்டி ஏனுங்க நின்னுச்சு? உலகத்துல இருக்கறதுக்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறீங்கல்ல, எம்புள்ள வண்டி ஏன் நின்னுச்சுன்னு சொல்லுங்க."

சேனாபதியால் கராஜ் பக்கமே போக முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தது அவள் மட்டுமா? ஆனால் கேட்டுக் கேட்டு அவள் உருகிப்போவதையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. ஆக்ஸிலரேட்டரைப் பிடித்திருந்தால் முக்கிக்கொண்டு ஓடும், விட்டால் செத்துப்போகும். பழைய பெட்ரோலாக இருக்கும் என்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினார். அதே இருமல். கார்புரேட்டரைக் கழற்றி ஊசிமுனை ஓட்டைகளையெல்லாம் சுத்தம் செய்து மாட்டினார். அப்போதும் அதே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக இருந்தது. பெட்ரோல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

காற்று போகிற வாயில் எலி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்துக் கையை விட்டார். உள்ளே மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார்.

மஞ்சள் துணி முடிப்பு. சாந்தாமணி போடுகிற அதே ரெட்டை முடிச்சு.

மகன் அவிழ்த்துக் கொடுத்ததை, அவன் கண்ணில் படாத இடமாகத் தேடி, மூடியைத் தூக்கி, சின்ன மாடம் மாதிரி இருந்த அந்தப் பொந்தில் வைத்திருக்கிறாள். வண்டி குலுங்கக் குலுங்க அது உள்ளே போய் அடைத்திருக்கிறது. எஞ்சின் மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. சேனாபதி முடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் நிற்காமல், சீராக ஓடியது.

சத்தம் கேட்டு சாந்தாமணி கரண்டியோடு ஓடிவந்தாள். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"என்னங்க? என்ன காரணம்?"

"பழைய பெட்ரோல், சாந்தா. கார்புரேட்டர்ல அடைச்சிருச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போன வருஷத்துத நாந்தான் வேஸ்ட் பண்ணாதடான்னேன். அவன் மாத்தறேன்னுதான் சொன்னான்."

அவன் அப்படிச் சொல்லவுமில்லை, இவர் தடுக்கவுமில்லை.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். கரண்டியால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அடிக்கவில்லை. வண்டியிடம் வந்து சீட்டைத் தடவினாள். திறந்திருந்த மூடிக்குள் குனிந்து பார்த்தாள்.

"உள்ள திருநீத்து முடிப்பு ஒண்ணு இருந்துச்சா? அவனுக்குத் தெரியாம வெச்சிருந்தேன்."

"இல்லியே."

"எங்கியோ உழுந்திருக்குது" என்றாள் சாந்தாமணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது மட்டும் உழாம இருந்திருந்தா எம்புள்ளயக் காப்பாத்தியிருக்குமுங்க."

சேனாபதி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆமா சாந்தா" என்றார்.