உரைகல்லில் தேய்த்த கடிகாரம்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த அந்த நகைக்கடைக்காரர், எங்கள் தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, பின்மூடியின் ஓரத்தை உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கல்லில் விழுந்த கோட்டின் மேல் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு அமிலம் வைத்தார். கோடு பச்சையாய் நுரைத்துக் காணாமல் போனது. என் பக்கத்தில் நின்றிருந்த அத்தை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல சுத்தியிருக்கற தகடு மட்டும்தாம்மா தங்கம். உள்ள பித்தளை. ரோல்டு கோல்டுன்னு சொல்வாங்க.”

“எங்கப்பா கடியாரம் அசல் தங்கங்க. அவரே ஒரு தடவை உரசிப் பாத்து வெச்சது” என்றாள் அத்தை.

“அப்ப இது உங்கப்பா கடியாரம் இல்ல” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்து நின்றவரின் சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

கடையின் படியிறங்கும்போதே அத்தை, “பாத்தியா உங்க சித்தப்பன் வேலையை?” என்றாள். எனக்கும் அதே பெயர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். தாத்தா மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்த கடிகாரம் அது. அவர் காலமான பிறகு அப்பா அதைத் தாத்தாவின் வேதாகமத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். தாத்தாவின் நினைவு நாளன்று மட்டும் வெளியே எடுத்து, ஜெபம் முடியும்வரை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது ஓடியதில்லை. யாரும் அதைத் திறந்து பார்த்ததுமில்லை.

அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பொழிச்சலூரில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். பழைய சாவிக் கடிகாரங்களை, அதிலும் பாக்கெட் கடிகாரங்களை, வாங்கிப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைப்பது அவருடைய பொழுதுபோக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்காகவே வெள்ளிக்கிழமைகளில் அரைநாள் விடுப்பு எடுப்பார். ஜன்னலோரம் மேசை. மின்விசிறியைப் போடவே மாட்டார். ரவையைவிடச் சிறிய திருகாணிகள் காற்றில் போனால் போனதுதான் என்பார். சித்திரை வெயிலிலும் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேசை விளிம்பிலிருந்து தன் மடிவரை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டு உட்காருவார். கழற்றிய பாகங்களைத் தூசி படாமல் கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து மூடி வைப்பார். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது கையிலிருக்கும் சாமணத்தை, அந்தச் சின்ன இடுக்கியை, அப்படியே நிறுத்தி, ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியபிறகுதான் தொடர்வார். சந்தைச் சரக்கைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் கிடையாது. “வெளிய ஒரு வயசு, உள்ள ஒரு வயசு. தொறந்து பாக்காம எதையும் நம்பக்கூடாது” என்பார். மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். தேநீர்க்கடையில் மீதிச் சில்லறை வாங்கினால்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அந்த வருஷம் தாத்தாவின் நினைவு நாளுக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்தது. கேட்டதும் சித்தப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார். திரும்பக் கொண்டுவந்தபோது அது ஓடியது. அப்பா அதை நெடுநேரம் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் கைக்கும் மாறி மாறிப் போய்க் கடைசியில் அத்தையிடம் வந்தது. அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவள் அவள், கோவிலம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். அழுக்கெல்லாம் போயிருந்த பின்மூடியை வெளிச்சத்தில் பிடித்தவள், கீல் இருக்கும் இடத்தில் விரலை நிறுத்தினாள்.

“இங்க என்ன, பித்தளை மாதிரி தெரியுது?”

சித்தப்பா நிமிர்ந்து அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். “நான் வாங்கிட்டுப் போனப்பவே அப்படித்தான் இருந்துச்சு” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

நகைக்கடையிலிருந்து வந்த சேதி வீட்டை இரண்டாக்கவில்லை; ஒரே பக்கம் சாய்த்தது. தனி ஆள், கேட்க யாருமில்லை, சந்தைக்காரர்களோடு பழக்கம் என்று அத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அப்பா தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து, “சாப்பிட வாடா” என்று வழக்கமாக அழைப்பவர், அழைக்காமல் நடந்தார். சித்தப்பாவும் வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மா அவருக்கென்று எடுத்துவைக்கும் தட்டு சில வாரங்கள் மேசையில் இருந்து, பிறகு அலமாரிக்குப் போனது. கடிகாரப் பேச்சு எழும்போதெல்லாம் அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். கொழுந்தன்மேல் அவளுக்குப் பாசம் அதிகம். கேட்கப் பொறுக்காமல் போகிறாள் என்றே நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறையாக அமைந்தது. நானே பல்லாவரம் சந்தைக்குப் போனேன். இரும்புச் சாமான்களையும் பழைய டெலிபோன்களையும் தாண்டி, தார்ப்பாயில் கடிகாரங்களைப் பரப்பியிருந்த, சித்தப்பா அடிக்கடி சொல்லும் கடைக்கார பாயைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. ஏர்போர்ட்டில் வேலை செய்யும் சாரின் அண்ணன் மகள் என்றதும் உட்கார ஸ்டூல் கொடுத்தார்.

“சார் இன்னா, ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்காங்க. உங்ககிட்ட என்ன வாங்குவாங்க பாய்?”

“ஓடாத பீஸா கேப்பாரு. காலி கூடு கூட வாங்கிகினு போவாரு, உள்ள மெஷின் இல்லாம. வெறும் கூட்ட வெச்சு இன்னா பண்றாருன்னு நானும் கேட்டதில்ல.”

அவர் இயல்பாகத்தான் சொன்னார். நான் ஸ்டூலைவிட்டு எழுந்தேன். காலிக் கூடு வாங்கிப் போகிறவர், தங்கக் கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இதை மாட்டியிருக்கிறார். வேறென்ன இருக்க முடியும்? அங்கிருந்தே பேருந்து பிடித்துப் பொழிச்சலூர் போனேன்.

சித்தப்பா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும், “சந்தைக்குப் போயிட்டு வர்றியா?” என்றார். நான் மறைக்கவில்லை. அவர் மேசை இழுப்பறையை முழுவதுமாக உருவி என் மடியில் வைத்தார். காலிக் கூடுகள் எல்லாம் அதில் கிடந்தன. கண்ணாடிக்காகவும் கீல் கம்பிக்காகவும் வாங்கியவை. எல்லாம் நிக்கல், ஒன்று வெள்ளி.

“தங்கம் இருக்கா பாரு.”

“அப்ப தாத்தா கூடு எங்க போச்சு சித்தப்பா?”

அவர் இழுப்பறைக்குள் கைவிட்டுத் தேடினார். பிறகு ஒரு காலிக் கூட்டை எடுத்து உள்விளிம்பைக் காட்டினார். இயந்திரத்தைக் கூட்டோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளின் தலைகள், விளிம்பில் பிறை வடிவத்தில் தடம் பதித்திருந்தன. ஒரே இயந்திரம் மாட்டிய கூட்டில் ஒரு ஜோடித் தடம்தான் இருக்கும் என்றார். எங்கள் கடிகாரத்தின் கூட்டில் இரண்டு ஜோடி. அது வேறொரு கடிகாரத்துக்காகச் செய்த கூடு.

“நம்ம இயந்திரம் பதிச்ச தடத்துல பழைய அழுக்கு கல்லு மாதிரி ஏறியிருந்துச்சு. நான் மாத்தியிருந்தா தடம் புதுசா பளிச்சுன்னு இருக்கணும். இது எப்பவோ நடந்தது. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்பவே நடந்திருக்கும்.”

“இதை ஏன் அன்னிக்கே சொல்லல?”

“கடிகாரம் யார் வீட்டு பீரோவுல இருந்துச்சு?” என்று கேட்டார். ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கம்பி அடங்கியதும் அவர் இழுப்பறையை வாங்கி மேசைக்குள் தள்ளினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் சந்தேகம் ஆள் மாறியிருந்தது. அன்றிலிருந்து அப்பாவை நான் பார்த்த விதம் வேறு. அவர் செய்தித்தாள் படிப்பதையும், பீரோச் சாவியை எடுப்பதையும், தம்பியின் பேச்சு வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வதையும் ஓர் அந்நியனைக் கவனிப்பதுபோல் கவனித்தேன். தான் விற்றதற்குத் தம்பி பழி சுமக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? ஆலயத்தில் அவர் கண்மூடி நிற்கும்போது, இந்த மனிதர் எதற்காக ஜெபிக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். சித்தப்பா காட்டியதை வீட்டில் சொல்லவும் பயமாக இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி அப்பாவிடம் போய் நிற்கும்.

கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தாள். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து அத்தை சொன்னாள்: “மனசாட்சி உறுத்தும்ல, எப்படி வருவான்? திருட்டுப் பய இல்லாம சாப்பிடறதே நிம்மதி.”

பிரியாணிப் பாத்திரத்தோடு நின்றிருந்த அம்மா அதை மேசையில் வைத்தாள்.

“அந்தக் கூட்டை வித்தது நான்” என்றாள்.

அத்தை சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

“எங்கப்பா விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில கெடந்தாரு. எனக்குன்னு இருந்ததெல்லாம் கழட்டிக் குடுத்தாச்சு. பாரீஸ் கார்னர்ல ஒரு கடியாரக்காரர்கிட்ட போய் தங்கக் கூட்டை எடுத்துக்கிட்டு, பாக்க அதே மாதிரி வேற போட்டுக் குடுங்கன்னேன். போட்டுக் குடுத்தாரு. எங்கப்பா பொழைக்கல. தம்பி மேல பழி விழுந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

அப்பா கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். “என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றார், மெதுவாக.

“கேட்டேன்.”

“எப்போ?”

“ரெண்டு தடவை கேட்டேன். பாக்கலாம்னு சொன்னீங்க.”

அப்பாவுக்கு அது நினைவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது. நினைவில்லாமல் போனதுதான் அவரை அதிகம் அடித்தது என்று நினைக்கிறேன். அத்தை எழுந்து போய்க் கை கழுவினாள். கிளம்பும்போது அம்மாவின் தோளைத் தொட்டாள். மன்னிப்பா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அம்மாவும் நானும் பொழிச்சலூர் போனோம். அம்மா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணி. அண்ணன்தான்னு முடிவே பண்ணிட்டேன். காட்டிக் குடுக்க வேண்டாம்னு இருந்தேன்.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி.”

அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவே போய் அவரை அழைத்துவந்தார். இருவரும் பழையபடி பேசினார்கள். ஆனால் கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பா மட்டும் ஒருமுறை, தாம்பரம் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, என்னிடம் தானாகச் சொன்னார்: “அவன் என்னையத்தான் சந்தேகப்பட்டிருப்பான். நானும் அவனைத்தானே சந்தேகப்பட்டேன்.” ரயில் வந்துவிட்டதால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. பொழிச்சலூர் மேசையைச் சித்தப்பா ஒழித்துவிட்டார், கை நடுங்குகிறது. தாத்தாவின் கடிகாரம் அதே பித்தளைக் கூட்டோடு அம்மாவிடம் இருக்கிறது. அவள் அதைப் பூட்டி வைப்பதில்லை. தினமும் சாவி கொடுத்து மேசைமேல் வைக்கிறாள். போன மாதம் வந்திருந்த சித்தப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டார். அம்மா காபி எடுத்துவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கப்பாவை நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சா?”

“தெரியாது சித்தப்பா.”

அவர் கடிகாரத்தைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அம்மா, “சர்க்கரை போடலாமா?” என்று கேட்டாள். “பாதி போடுங்க அண்ணி” என்றார். ஆனால் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் என்னை நம்பினாரா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.